பாதை போட்ட பத்து மாதம்

மூன்று ஆண்டுகளாக எங்கள் மலை சைக்கிள் குழு ஓட்டிய இறக்கம் ஒன்று இருந்தது. மலையின் நெற்றியிலிருந்து நேர்கோடாகக் கீழே விழும் ஒற்றையடிப் பாதை. முதல் ஆண்டில் அதன் அகலம் ஒரு ஹேண்டில்பார் அளவுதான். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. மண்ணை இழந்த வேர்கள் விலா எலும்புகள் போலத் துருத்திக்கொண்டு நின்றன. பள்ளத்துக்குப் பயந்து ஓரத்தில் ஓட்டினோம். அந்த ஓரமும் பள்ளமாயிற்று. பிறகு அதற்கும் அடுத்த ஓரம். ஒருநாள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது ஐந்து மீட்டர் அகலத்துக்கு மலையின் தோல் உரிந்து கிடந்தது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இந்தப் பாதையை மூடிவிட்டு வேறொன்று போட வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் எழுந்தது. அந்த வேலையின் பத்து மாதக் குறிப்பு இது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு எங்கள் தவறுகளாவது பயன்படட்டும்.

முதல் மாதம்

மண்வெட்டியைத் தொடவே இல்லை. அனுமதி கேட்டு நிலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். குழுவில் சிலருக்குப் பொறுமை இல்லை. இரவில் போய் வெட்டிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார் ஒருவர். நான் கடுமையாக மறுத்தேன். 1980களில் கலிபோர்னியாவில் மலைப்பாதைகள் சைக்கிளுக்கு ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அங்கிருந்த ஓட்டுநர் குழுக்கள் சில சேர்ந்து 1988-இல் 'இம்பா' என்ற பன்னாட்டு மலை சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. நடப்பவர்களோடும் குதிரையில் வருபவர்களோடும் பாதையைப் பகிர்ந்துகொள்வோம், நாங்களே இறங்கிப் பராமரிப்போம் என்று சொல்லித்தான் அவர்கள் இடம் கேட்டார்கள். திருட்டுத்தனமாக வெட்டிய ஒரு பாதை, முறையாகக் கேட்டு வாங்கிய பத்துப் பாதைகளின் பெயரைக் கெடுத்துவிடும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அனுமதி கிடைத்தது. பழைய பாதையை மூடிச் செடிகொடி வளர விட வேண்டும், பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் புதர் வெட்டக் கூடாது, புதிய பாதை நடப்பவர்களுக்கும் பொது. இவைதான் நிபந்தனைகள். மூன்றும் நியாயமானவை.

இரண்டாம் மாதம்

கோடு பிடிக்கும் மாதம். இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன்.

பாதையின் சரிவு, அது குறுக்கே போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பாதை போடுபவர்களிடையே பழைய விதி. மலை 20 சதவீதம் சரிந்தால் பாதை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதை மீறினால் மேலேயிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாது. பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். எங்கள் பழைய இறக்கம் செத்ததற்குக் காரணம் இதுதான். மலை எந்தப் பக்கம் சரிந்ததோ அதே பக்கம் பாதையும் சரிந்தது. தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை.

சரிவு அளக்க எங்களிடம் கருவி இல்லை. ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகள், நடுவில் 10 மீட்டர் கயிறு, கயிற்றில் தொங்கும் சின்ன ரசமட்டம், இவை போதுமானவையாக இருந்தன. கயிறு மட்டமாக நிற்கும்வரை கீழ்க்கம்புக்காரர் தன் முனையை உயர்த்த வேண்டும். ஒரு மீட்டர் உயர்த்த நேர்ந்தால் 10 சதவீதம். புதருக்குள் இப்படி அளந்து அளந்து 900 மீட்டருக்கு வண்ணத்துணி கட்டினோம். மறுவாரம் போய்ப் பார்த்தபோது பாதி கோடு எங்களுக்கே பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினோம். பெரிய மரங்களுக்கு அடிப்பக்கமாக வெட்டினால் அவற்றின் அடிமண் சரிந்துவிடும் என்பதால் மரம் வரும் இடங்களில் மேற்பக்கமாகக் கோட்டை ஏற்றினோம். மூன்றாவது கோடுதான் நின்றது.

கோடு பிடித்த நாட்களில் தினமும் எங்களைக் கடந்து நடந்துபோனார் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற கொத்தனார். சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்த மலையில் நடப்பது மட்டும் நிற்காது. நான்காம் நாள் நின்று துணிகளைப் பார்த்தார். "தம்பி, தண்ணீருக்கு வாட்டம் எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். தண்ணீர் வடிய எந்தப் பக்கம் சாய்வு என்று, மாடிக்குத் தளம் போடுகிறவர் கேட்கும் கேள்வி. மலைக்கும் அதே கேள்விதான் பொருந்தும் என்று அந்த நிமிடம் புரிந்தது. அடுத்த ஞாயிறு அவரே மட்டப்பலகையுடன் வந்து நின்றார்.

மூன்றாம் மாதம்

வெட்டத் தொடங்கினோம். முதல் நாள் பதினொரு பேர், நான்கு மணி நேரம், 26 மீட்டர்.

இந்த வேலைக்கென்றே இரண்டு கருவிகள் இருக்கின்றன. மெக்லவுட் என்பதில் ஒரு பக்கம் தடித்த பற்களுள்ள வாரி, மறுபக்கம் அகலமான மண்வெட்டித் தகடு. புலாஸ்கி என்பதில் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து. இரண்டும் அமெரிக்கக் காடுகளில் தீயணைப்புக்காகப் பிறந்தவை. 1910-ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர்தான் இரண்டாவது கருவிக்கு. கொத்திக்கொண்டே வரும்போது குறுக்கே வேர் வந்தால் கருவியை மாற்ற வேண்டாம். மணிக்கட்டைத் திருப்பினால் கோடரி.

வெட்டும் முறை இது. முதலில் மேலேயுள்ள இலைமக்கை வாரி ஒதுக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பாக, பஞ்சாக, மழை நாளின் வாசத்தோடு அது வரும். அதன்மேல் பாதை போட்டால் நிற்காது. தண்ணீரைக் குடித்து ஊறிச் சேறாகிவிடும். அதை முழுக்க எடுத்தால் அடியில் கெட்டி மண் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்: மெத்து மெத்தென்று விழுந்த தகடு 'கர்ர்' என்று உரசும். அந்தச் சத்தம் வந்தபிறகுதான் மலைச்சரிவில் படிபோல வெட்டிப் பாதையின் தளத்தை எடுக்க வேண்டும். தளம் மலைப்பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் வாட்டம். கண்ணால் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். பெரியவர் ஒவ்வொரு மீட்டருக்கும் பலகையை வைத்துப் பார்த்தார். "இங்கே உள்பக்கம் சாய்கிறது, எடுங்கள்" என்று அவர் சொன்னால் எடுத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஒருவருக்கொருவர் மூன்று மீட்டர் தள்ளி நிற்பது, கருவியைத் தோளில் சாய்க்காமல் கையில் தொங்கவிட்டு எடுத்துப்போவது, கையுறை இல்லாமல் தொடாதது. இவற்றை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டோம்.

நான்காம் மாதம்

இந்த மாதத்துத் தவறுக்கு நானே பொறுப்பு. செங்குத்தான ஓரிடத்தில் முழு அகலத்துக்கும் மலையை வெட்ட நேரமாகும் என்று பாதி அகலம் வெட்டி, வெட்டிய மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை நிரப்பச் சொன்னேன். திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கினோம். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் 18 மீட்டர் நீளத்துக்கு நிரப்பிய பாதி அப்படியே வழுக்கிக் கீழே போய்விட்டது. அதைக் கட்ட நாற்பது மனித மணி நேரம் உழைத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, சொன்னது நான், தவறு என்னுடையது என்றேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. எங்களோடு வரும் செவிலியர் அக்கா மட்டும், "சரி, எங்கேயிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டுவிட்டு கொத்தை எடுத்தார். இரவுப்பணி முடித்து நேராக வந்திருந்தார்.

மலையிலேயே இருந்த மண்தான் நம்மைத் தாங்கும். நாம் கொண்டுவந்து போட்ட மண் தாங்காது. அதன்பின் முழு அகலத்தையும் மலையிலேயே வெட்டினோம். வெளியே எடுத்த மண்ணைச் சரிவில் மெல்லிசாக வீசிப் பரப்பினோம்.

ஐந்தாம், ஆறாம் மாதங்கள்

கூடுகட்டும் காலம். வெட்டு வேலை இல்லை. பழைய பாதையை மூடினோம்: விழுந்து கிடந்த கிளைகளைக் குறுக்கே போட்டு, ஒதுக்கிவைத்த இலைமக்கைப் பரப்பி, சின்னச் சின்னத் தடுப்புகள் வைத்தோம். முதல் பச்சை ஆறாம் மாதக் கடைசியில் தெரிந்தது.

ஏழாம் மாதம்

சண்டை வந்த மாதம். கல்லூரியில் படிக்கும் தம்பிகள் நால்வர், ஒரு வளைவை வெட்டிக் குறுக்கே நேராக இறக்கம் ஒன்றும் கீழே தாவும் மேடு ஒன்றும் யாரிடமும் கேட்காமல் போட்டுவிட்டார்கள். நடப்பவர்கள் வரும் திருப்பத்துக்குப் பத்தடிக்கு முன்னால் அந்த மேடு. பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இடித்துவிடலாம் என்றே மண்வெட்டியை எடுத்தேன்.

அவர்களில் ஒருவன் சொன்ன வாதம் லேசானதன்று. "அண்ணா, இந்த விளையாட்டே நேராக இறங்கியதில்தானே பிறந்தது?" என்றான். உண்மைதான். 1976-இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே தொடங்கிய 'ரீபேக்' பந்தயத்தில், பழைய கனமான சைக்கிள்களில் மூன்றரைக் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் இறங்கினார்கள். பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்றால் மறுபடி அடைப்பது; அதனால்தான் அந்தப் பெயரே. ஆனால் அது ஒற்றையடிப் பாதை அன்று, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய அகலமான மண்சாலை என்று நான் சொன்னேன். அவன் யோசித்தான்.

பெரியவர்தான் முடித்துவைத்தார். "தாவ வேண்டும் என்கிற ஆசை தப்பில்லை. இடம்தான் தப்பு. நல்ல இடம் காட்டினால் செய்வீர்களா?" என்று கேட்டார். பார்வைக்கு மறைவில்லாத, நடப்பவர்கள் சுற்றிப்போக வழியுள்ள இடம் ஒன்றை எல்லோருமாகத் தேடினோம். அலுவலகத்திடம் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கினோம். தாங்கள் போட்டதைத் தம்பிகளே கலைத்தார்கள்; புதியதை அவர்களே கட்டினார்கள், தாவத் தெரியாதவர் சக்கரம் தரையை விடாமலே உருட்டிக் கடக்கும்படியாக. நான் அன்று இடித்திருந்தால் நான்கு பேரை இழந்திருப்போம். இன்று ஞாயிறு காலையில் முதலில் வந்து கருவிக்கொட்டகையைத் திறப்பவர்கள் அவர்கள்தான்.

எட்டாம் மாதம்

வெளிக்கரை உயர்த்திய வளைவு இரண்டு கட்டினோம். கரை உயர்ந்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். அதனால் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு தாழ்வு வைத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்கினோம். அவசரப்பட்டு உலர்ந்த மண்ணை அடித்தால் தூள்தான் மிஞ்சும்.

ஒன்பதாம் மாதம்

முதல் 560 மீட்டரைத் திறந்தோம். விழா ஒன்றும் வைக்கவில்லை. முதல் ஓட்டம் யாருக்கு என்று பேச்சு வந்தபோது செவிலியர் அக்காவைக் கைகாட்டினோம். அவர் மெதுவாக, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். அந்த 18 மீட்டர் வந்ததும் நிறுத்திக் காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பின்னாலேயே பெரியவர் நடந்து வந்தார்.

பத்தாம் மாதம்

பாதை திறந்து மூன்று வாரத்தில், டயர்கள் நடுவில் அழுத்த அழுத்த வெளிவிளிம்பில் மண் ஒதுங்கிச் சின்ன வரப்பு கட்டிவிட்டது. அந்த விரல் உயர வரப்பு போதும், தண்ணீர் வெளியேறாமல் பாதையிலேயே ஓட. மெக்லவுட்டால் இழுத்துக் கலைத்தோம். இனி மாதம் ஒருமுறை இது கட்டாயம். மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டுவதில்லை என்றும் முடிவு செய்தோம். சக்கரத்தில் சேறு ஒட்டினால் திரும்பிவிட வேண்டும். ஏற்கெனவே குட்டை இருந்தால் நடுவாகவே போக வேண்டும், ஓரம் தேடக் கூடாது. பழைய பாதை ஐந்து மீட்டர் ஆனது அப்படித்தான்.

போன வியாழன் இரவு முழுக்க மழை கொட்டியது. தூக்கம் வரவில்லை. விடிந்தும் விடியாததுமாக மழையங்கியோடு மலைக்கு நடந்தேன். எங்கள் பாதை இறங்கிக்கொண்டே வந்து, ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டருக்கு ஒருமுறை சில அடிகள் மேலேறி மறுபடி இறங்கும். அந்தத் தாழ்வுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் தாழ்வில் உட்கார்ந்துகொண்டேன். மேலேயிருந்து கலங்கிய நீர் மெல்லிய தகடாகப் பாதையில் வந்தது. தாழ்வை எட்டியதும் ஒரு கணம் தயங்கிச் சுழன்றது. சுழலில் ஒரு காய்ந்த இலை இரண்டு முறை சுற்றியது. பிறகு வெளிவிளிம்பைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே தண்ணீரும் போயிற்று. தாழ்வுக்கு அப்பாலுள்ள பாதை வெறும் ஈரமாக இருந்தது. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது தாழ்வில் குனிந்து யாரோ இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். தம்பிகளில் இருவர். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிக் குடையோடு பெரியவர். "இங்கே வாய் அடைத்துக்கொண்டது, இன்னும் ஒரு சாண் அகலப்படுத்த வேண்டும்" என்று மட்டப்பலகையால் காட்டினார். குறித்துக்கொண்டேன்.

இன்னும் 340 மீட்டர் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆறாவது தாழ்வை அகலப்படுத்திவிட்டுத்தான் மேலே வெட்டுவோம். மெக்லவுட் ஒன்றின் காம்பு விரிசல் விட்டிருக்கிறது. சனிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும்.