பால் பத்தலையாம்

அம்மாவின் அடுப்படியில் ஒரு பால்மாவு டப்பா இன்னும் இருக்கிறது. 2013-இல் வாங்கியது. இப்போது அதில் வெந்தயம் கிடக்கிறது. லேபிள் பாதி உரிந்துவிட்டாலும், தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற வரி மட்டும் அழியவில்லை. 1992-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு டப்பாவிலும் அதை அச்சடித்தே ஆக வேண்டும், பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமும் செய்யக்கூடாது. இந்த டப்பாவுக்கு விளம்பரம் தேவைப்படவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன இரண்டே சொற்கள் போதுமாக இருந்தன: பால் பத்தலை.

மூத்தவன் அந்த வருடம் ஜனவரியில் பிறந்தான். கடைசி நேரத்தில் எனக்குப் பிரஷர் ஏறிவிட, ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன். எடை 2.9 கிலோ. அவனை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க ஆறு மணி நேரம் ஆனது. அதற்குள் வீட்டு வழக்கப்படி சேனை தொட்டு வைத்துவிட்டார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் சீனித் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்பார்கள். என் மாமனாரின் அண்ணன் வைத்தார். அவர் குணம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை, அவரைப் போலவே அவனும் காலையில் காபி இல்லாமல் எழ மாட்டான் என்பதைத் தவிர. பிறந்த பிள்ளையின் முதல் வாய் சீம்பாலுக்கு உரியது என்று அந்த அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஒன்பது மாதமும் பிரசவத்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவன் வாயை வைப்பான், நழுவும், அழுவான். ஒரு சிஸ்டர் வந்து மார்பைப் பிடித்து அழுத்திப் பார்த்து, "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்த பிறகு என் மார்பைப் பார்த்தார்கள். பெரியம்மா சேலையை விலக்கியே பார்த்தாள். அத்தை, "எனக்கெல்லாம் சேலை நனையும், மாத்திக்கட்டி மாளாது" என்றார். பொய்யாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்டது தையல் வலியைவிட அதிகமாக வலித்தது.

நாலாம் நாள் எடை 2.65 கிலோ. பிறந்த பிள்ளைக்கு முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்குவரை எடை இறங்குவதும், பத்துப் பதினான்கு நாளில் மீண்டும் ஏறுவதும் வழக்கம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கால் கிலோ காணாமல் போனது மட்டும். கூடவே மஞ்சள் காமாலை. கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் படுக்கப் போட்டார்கள். "பால் பத்தாமத்தான் மஞ்சள் எறங்கல" என்று ஒரு டப்பா எழுதிக் கொடுத்தார்கள். புட்டியில் 40 மில்லியைக் குடித்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மூன்று மணி நேரம் தூங்கினான். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நானும்தான். பொய் சொல்வானேன்.

அப்புறம் வீட்டில் எனக்கு நடந்தது ஒரு பத்திய விருந்து. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, பிரசவ லேகியம். தண்ணீரை மட்டும் அளந்து கொடுத்தார்கள், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். நாற்பது நாளில் நான் மூன்று கிலோ ஏறினேன், பால் ஏறவில்லை. எப்படி ஏறும்? புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் பேருக்கு இரண்டு நிமிடம் சப்பிவிட்டு உறங்கிவிடும். ஆச்சி மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து, "எறைக்கிற கெணறுதாம்ட்டி ஊறும், புட்டிய தூக்கிப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் அதே ஆச்சிதான் தெருவில் கழுதைப் பால் விற்கிறவர் வந்தபோது ஒரு சங்கு வாங்கி ஊற்றச் சொல்லிச் சண்டை போட்டாள். அதனால் அவள் சொன்ன எதையுமே யாரும் காதில் வாங்கவில்லை. உருப்படியானதும் அதோடு சேர்ந்து போனது.

காம்பு வெடித்துப் புண்ணாகி, ஒரு நாள் அவன் கக்கிய பாலில் ரத்தச் சிவப்பு இருந்தது. என் ரத்தம்தான், அவனுடையது இல்லை. அதைப் பார்த்த பிறகு யாரும் அவனை என் மடியில் போடவில்லை. இரண்டரை மாதத்தில் வற்றிப்போனது. சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வரும். பின்வாசலில் உட்கார்ந்து துணி மடிப்பதுபோலக் காட்டிக்கொண்டு அழுவேன்.

இளையவள் 2017 டிசம்பரில். இந்த முறை அரசு மருத்துவமனை. பணம் ஒரு காரணம், பழைய இடத்துக்குப் போகப் பிடிக்காதது இன்னொரு காரணம். மறுபடியும் சிசேரியன். தியேட்டரிலிருந்து வெளியே வந்து ஒரு மணி நேரம் ஆகும் முன்பே பிள்ளையைத் துணியில்லாமல் என் நெஞ்சில் போட்டு மேலே போர்த்திவிட்டார்கள். கால் மரத்துப் படுத்திருந்த நான், "எனக்குப் பால் பத்தாது சிஸ்டர், மூத்தவனுக்கும் பத்தல" என்று முதல் வேலையாகச் சொன்னேன். பேர் சொல்வதுபோலச் சொன்னேன்.

அந்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். ஓய்வு பெற ஓரிரு வருடமே இருக்கும். திரையை இழுத்துவிட்டு, கேட்டுவிட்டு, பார்த்தார். "மக்களே, பாலுக்கு ஒரு கொறயும் இல்ல. ஒனக்குக் காம்பு உள்ள வாங்கி இருக்கு. பிள்ள எதப் பிடிச்சுக் குடிக்கும்?" என்றார். அஞ்சு வருடமாக ஒரு மருத்துவரும் பெரியம்மாவும் அத்தையும் நானும் பார்த்தும் பார்க்காத விஷயம்.

ஒரு 10 மில்லி சிரிஞ்சை எடுத்தார். ஊசி மாட்டுகிற முனையை பிளேடால் அறுத்தார். உள்ளே இருக்கும் தண்டை உருவி, அறுத்த பக்கம் வழியாகத் திருப்பிச் செருகினார். இப்போது வழுவழுப்பான வாய் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. அதைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுக்கச் சொன்னார். அரை நிமிடம், ஒரு நிமிடம். வலித்தால் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும் இப்படி. காம்பு வெளியே வந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, சிரித்தால் தையல் பிடித்தது. அந்தச் சிரிஞ்சு பத்து ரூபாய்கூட இருக்காது.

பிறகு பிடிக்க வைக்கும் விதம். இது எழுத்தில் முழுதாக வராது, இருந்தாலும் சொல்கிறேன். நான் குனிந்து குனிந்து மார்பைப் பிள்ளையின் வாயில் திணிப்பேன். அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நீ குனியாத, பிள்ளைய ஓங்கிட்ட கொண்டு வா" என்றார். மூக்குக்கு நேராகக் காம்பு இருக்க வேண்டும். மேலுதட்டில் தடவினால் பிள்ளை வாயைத் திறக்கும். கொஞ்சமாகத் திறக்கும்போது கொடுக்கக்கூடாது. கொட்டாவி விடுவதுபோல அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து அப்போது சட்டென்று அணைக்க வேண்டும். காம்பு மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் கருவட்டமும், அதிலும் கீழ்ப்பக்கம் அதிகமாக, வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். சுள்ளென்று வலி தொடர்ந்தால் பிடிப்பு தப்பு. சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு முதலில் இருந்து. முதல் நாளில் இருபது தடவையாவது முதலில் இருந்து ஆரம்பித்திருப்பேன். தையல் இடிக்காமல் இருக்க, பிள்ளையின் காலைப் பின்பக்கம் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் முறையையும் காட்டினார். சந்தைக்குப் போய் வாழைத்தார் வாங்கி வருகிற மாதிரி இருந்தது.

முதல் நாள் அவள் சரியாகப் பிடிக்காத வேளைகளில் கையால் பிழிந்து பாலாடைச் சங்கில் எடுத்தோம். மூன்று மில்லி வந்திருக்கும், மஞ்சளாக, பிசுபிசுப்பாக. "இவ்வளவுதானா" என்றேன். பிறந்த அன்று பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் கொள்ளும் என்றார். அவனுக்கு நாங்கள் 40 மில்லி ஊற்றியது நாலாம் நாளில்தான், இருந்தாலும் அந்தக் கணக்கு மனதில் எங்கோ போய் முட்டியது.

நாலாம் நாள் மார்பு கல்லாக இறுகியது. சூடான துண்டு, கொஞ்சம் பிழிந்து இளக்கிவிட்டுப் பிள்ளையைப் போடுவது, குடித்து முடித்ததும் குளிர்ந்த துணி. எடை இவளுக்கும் இறங்கியது. ஆனால் இந்த முறை நான் தராசைப் பார்க்காமல் துணியை எண்ணினேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போகிறது என்று அர்த்தம். மூத்தவன் அப்போது யூகேஜி. வீட்டுக்கு வந்ததும் அவனுடைய ஸ்லேட்டைக் கேட்டு வாங்கினேன். தங்கச்சி ஒவ்வொரு முறை ஒண்ணுக்குப் போகும்போதும் ஒரு கோடு போடுவது அவன் வேலை. எட்டுக் கோடு வந்த நாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் பிறந்த எடையைத் தொட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் வாரம் இடது மார்பில் ஒரு பக்கம் சிவந்து, குளிரும் காய்ச்சலும் அடித்தது. "காய்ச்சப் பால் குடுக்காத" என்று அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பக்கமும் கொடுத்தால்தான் கட்டு கரையும், நிறுத்தினால் சீழ் வைத்துவிடும் என்று டாக்டர் என் அம்மாவிடமே நேராகச் சொன்னார். மாத்திரையில் சரியானது. ஆறாம் வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்து மணிவரை வாயை எடுக்க மாட்டாள். எடுத்தால் அலறல். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த ‘ஒன்றும் சொல்லாதது’ எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு நான் உடைந்துபோய், டப்பா வாங்கி வரச் சொல்லி இவரை அனுப்பினேன். மெடிக்கல் பூட்டியிருந்தது. போன கையோடு சும்மா வரக்கூடாதென்று நாலு பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தார். அவர் வருவதற்குள் பிள்ளை தூங்கியிருந்தாள். நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் பரோட்டா தின்றோம். அன்று அந்தக் கடை திறந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாயங்கால அழுகை பால் இல்லாததால் இல்லை, அடுத்த நாளைக்கு அதிகமாகக் கேட்டு ஆர்டர் கொடுக்கிறாள் என்று சிஸ்டர் போனில் சொன்னபோது ஆச்சியின் கிணறு ஞாபகம் வந்தது. ஆச்சி அப்போது இல்லை.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளியில். 26 வார விடுப்பு என்று சட்டம் அந்த வருடம்தான் மாறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பேசினால் வேலை இருக்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாலாம் மாதம் திரும்பிப் போனேன். மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில், எலும்புக்கூடு படத்துக்கு எதிரே உட்கார்ந்து, மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பிழிவேன். எங்கள் வெயிலில் வெளியே வைக்கப் பயந்து ஸ்டாஃப் ரூம் பிரிட்ஜில் என் தயிர் டப்பாவோடு வைத்துவிடுவேன். ஒரு நாள் தமிழ் ஐயா மோர் என்று நினைத்து எடுத்தார். நல்லவேளை, முகர்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. வீட்டில் மதினி அதைப் பாலாடையில் கொடுப்பாள். புட்டி வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை இருந்தது. 2015-இல் தமிழ்நாடு முழுவதும் திறந்தார்கள். நல்ல ஏற்பாடு, சாவி எங்கே என்று தெரிந்தால். ஒரு ஊரில் சாவிக்காக நேரக் காப்பாளர் அறை வாசலில் பிள்ளையோடு நின்று, அது கிடைப்பதற்குள் முந்தானைக்குள்ளேயே கொடுத்து முடித்துவிட்டேன்.

மூத்தவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டப்பாப் பாலில் வளர்ந்த அவன் இன்று என்னைவிட உயரம். டப்பா விஷம் இல்லை. அது தேவைப்படும் பிள்ளைகளும் தாய்களும் உண்டு, அவர்களைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வரும். எனக்கு டப்பாவோடு பகை இல்லை. திரையை இழுத்துவிட்டு ஒரு நிமிடம் பார்க்க ஆள் இல்லாமல் போனதோடுதான்.

இளையவளுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆனபோது நிறுத்தினேன். வேப்பிலையை அரைத்துத் தடவினேன். முகத்தைச் சுளித்து, துடைத்துவிட்டு, குடித்தாள். அம்மாதான் கடைசியில் மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது பழைய கைமுறை. வேலூர் மருத்துவர்கள் 1988-லேயே அதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, ஆறு முழம் வேண்டும் என்று மட்டும் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டுப் பூவை வைத்துத் துணியைச் சுற்றினாள். வெளியே மூத்தவன், "யாருக்குக் கல்யாணம், பூ வாசன வருது" என்று கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றியவள் கையை நிறுத்தினாள்.

"அவனுக்குப் பூ வாங்குற வேலையே இல்லாமப் போச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பவும் இருந்திருக்கும்லாட்டி?"

"இறுக்கிக் கட்டும்மா" என்றேன்.