உப்பும் தொய்வும்: அறுவடைக் காலக் குறிப்புகள்

2025 பெப்ரவரி 5

பெரும்போக வெட்டுத் தொடங்கிவிட்டது. வெட்டு மெசின் ஓடும் வயலுக்குக் கீழ்க்காற்றில் வீடு இருந்தால் தொய்வுக்காரருக்கு (ஆஸ்துமா உள்ளவருக்கு) இரவுத் தூக்கம் கெடும். நெல்தூசி வெறும் மண்ணல்ல. உமியின் நுண்மயிர், பூஞ்சண வித்து, காய்ந்த இலைத்தூள் எல்லாம் அதில் உண்டு. வெட்டு முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு. மூக்கைச் சுற்றிக் கட்டும் சால்வை பெரிய துகளைத்தான் மறிக்கும், புகையை மறிக்காது. வயலுக்குப் போகாமல் முடியாதவர் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 கவசம் போடட்டும். வீட்டில் நுளம்புத்திரியை நிறுத்தி வலை கட்டினாலே பாதி இரவு மிச்சம்.

பெப்ரவரி 8

இந்தக் கிழமை தாதியான என்னிடம் அதிகம் வந்த கேள்வி: "மிஸி, உப்பு வைத்தியம் செய்தா பம்ப்பை நிப்பாட்டலாம்தானே?" உப்பு வைத்தியம் என்பது உப்புத்தூள் கலந்த காற்றை மூச்சில் இழுப்பது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உப்புப் பைப் (உப்புக்கல் நிரப்பி மூச்சிழுக்கும் குழாய்) அனுப்புகிறார்கள், உப்பு விளக்கு அனுப்புகிறார்கள். பதில் ஒன்றுதான்: மூச்சில் இழுக்கும் மருந்தான பம்ப்பை நிப்பாட்டக் கூடாது. ஆனால் "கூடாது" என்று மட்டும் சொன்னால் ஆட்கள் நமக்குத் தெரியாமல் நிப்பாட்டுவார்கள். அதனால் முதலில், ஊதும் மூச்சின் வேகத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீற்றரைக் கையில் கொடுத்து அளக்கப் பழக்க வேண்டும்.

எழுந்து நின்று, முள்ளைச் சுழியத்துக்கு இறக்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, உதட்டை இறுக்கி, ஒரே ஊதாகப் பலமாக ஊத வேண்டும். மூன்று தரம் ஊதி, கூடிய எண்ணை எழுதவும். சராசரி போட வேண்டாம். காலையில் மருந்துக்கு முன் ஒன்று, பின்னேரம் ஒன்று. நாக்கு குழாய்வாயை அடைத்தாலோ கன்னத்தால் "தூ" என்று துப்புகிற மாதிரி ஊதினாலோ எண் பொய் சொல்லும்.

காலை 310, மாலை 380 என்றால் வித்தியாசம் 70, இரண்டின் நடு 345. ஏறத்தாழ 20 சதவீத ஆட்டம். இரண்டு கிழமைச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ந்தவருக்கு அது அதிகம். தொய்வு இன்னும் அடங்கவில்லை. இந்த இரண்டு கிழமைக் கணக்கு இல்லாமல் உப்பு உதவியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பெப்ரவரி 11

உப்பு வைத்தியத்தின் கதை போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்திலிருந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு பணியாற்றிய வைத்தியர் பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி, உப்புத் தொழிலாளருக்கு நெஞ்சு நோய் குறைவு என்று எழுதினார். இப்போதுள்ள உப்பு அறையில் ஓர் இயந்திரம் உலர் உப்பை அரைத்து, 1 முதல் 5 மைக்ரோன் அளவுத் தூளாகக் காற்றில் விடும். ஒரு முறை 30 முதல் 45 நிமிடம் உட்கார வேண்டும்.

தூள் ஈரமான மூச்சுக்குழாய்க்குள் போனதும் கரைந்து, அங்குள்ள நீர்ப்படலத்தை உப்பாக்கும். உப்பு தண்ணீரை இழுக்கும், சளி இளகும். இது உண்மை, சளி தடித்துக் கட்டும் பரம்பரை நோயான சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு 7 சதவீத உப்புக்கரைசல் கொடுப்பதும் இதற்காகத்தான். ஆனால் தொய்வுக்காரரின் குழாய் வேறு ரகம். நீர்ப்படலம் உப்பானவுடன் அங்குள்ள மாஸ்ட் கலங்கள் (ஒவ்வாமைக் கலங்கள்) ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை அவிழ்த்துவிடும், தசை இறுகும். தொய்வு இருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வுகூடத்தில் 4.5 சதவீத உப்புக்கரைசலை மூச்சில் கொடுத்துப் பார்ப்பார்கள். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். நோயைக் கிளப்பிக் காட்டும் பொருளையே மருந்தென்று கொடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று இதிலிருந்து விளங்கும்.

சான்று எந்த அளவுக்கு? சுரங்கச் சிகிச்சை பற்றி 2001இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் மீளாய்வில் தேறியவை மூன்று ஆய்வுகள், அத்தனையும் சிறுவரில், மொத்தம் 124 பேர். முடிவு சொல்ல அது போதாது என்றே எழுதினார்கள்.

பெப்ரவரி 12

விளக்கைப் பற்றி நேற்று விட்டுப்போனது. சமையல் உப்பானாலும் இமயமலை உப்பானாலும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்டுத்தான், மின்குமிழின் சூட்டில் ஆவியாகாது. பார்க்க அழகு, அவ்வளவுதான். பைப்பும் அப்படித்தான். உள்ளே இருப்பது மில்லிமீற்றர் அளவுக் கற்கள். மூச்சிழுத்தால் அவை மைக்ரோன் தூளாக உடையாது.

நம் மட்டக்களப்புக் கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் மழைக்காலத்து இரவு அதற்கு மேல்தான் நிற்கும். விளக்கு மேசையில் ஒழுகும், பைப்புக்குள் கல் ஒட்டிக் கட்டியாகும், ஈரம் கட்டிய பைப்பில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் தொய்வைக் கிளப்பும்.

பெப்ரவரி 17

இது அவசரம். சமையல் உப்பைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரில் ஊற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம். மருந்தைக் கலக்கப் பயன்படுவது 0.9 சதவீத, அதாவது லீற்றருக்கு 9 கிராம், கிருமிநீக்கிய சேலைன். வீட்டில் தேக்கரண்டியால் அள்ளும்போது அளவு எங்கோ போய்விடும், குழாய் இறுகும். தண்ணீர் அதைவிட மோசம். கிழக்கு மாகாண மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமி உண்டு. நீரிழிவுக்காரரை அது பெரிதாகப் பிடிக்கும். அந்த நீரைப் புகையாக்கி நெஞ்சுக்குள் அனுப்புவதா?

காய்ச்சலோடு வரும் இருமலைத் தொய்வென்று விடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும்.

பெப்ரவரி 20

உப்பைக் கேட்டு வருபவரில் பலருக்கு உண்மையில் தேவை, கையில் இருக்கும் பம்ப்பைச் சரியாக அடிப்பது. நீலப் பம்ப் (சல்பியூட்டமோல்) இறுக்கத்தை நாலைந்து மணி நேரம் தளர்த்தும். உள்ளே உள்ள வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. சுகமாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதை உலக வழிகாட்டிகள் 2019 முதல் வேண்டாம் என்கின்றன.

குலுக்கவும். மூச்சை வெளியே விடவும். ஒரு அடி, அதோடு மெதுவாக, ஆழமாக இழுத்து 10 செக்கன் அடக்கவும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த அடி. இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து நாக்கில்தான் படியும். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவும், இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் வரும்.

ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குடுவை) வாங்க முடியாதவருக்கு 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். கம்பியைப் பம்ப் வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, போத்தலின் அடியில் அழுத்தினால் துளை விழும். பம்ப்பைச் செருகிச் சுற்றிவர ஒட்டுநாடா ஒட்டவும். இடைவெளி விட்டால் மருந்து வெளியே போகும். பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் கழுவித் தானாகக் காயவிடவும். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து சுவரில் ஒட்டும்.

கப்சியூல் போட்டு இழுக்கும் கருவிக்கு இது எதிர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதினால் தூள் நனைந்து கட்டியாகும். கப்சியூலை விழுங்குபவர்களும் உண்டு. விழுங்கினால் நெஞ்சுக்குப் பயனில்லை.

பெப்ரவரி 26

நோன்பு நெருங்குகிறது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் இதே கேள்விதான். நாளுக்கு இரண்டு தடவைத் தடுப்பு மருந்தை ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் மாற்றலாம். பகலில் மூச்சு முட்டினால் நீலப் பம்ப் அடிக்க வேண்டியதுதான். மார்க்கச் சட்டம் பற்றிய ஐயத்தை மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், முட்டு வந்த நேரத்தில் அல்ல.

மார்ச் 4

உப்பு அறைக்குப் போய்த்தான் தீருவேன் என்று நிற்பவர்களுக்காக. உப்பு அறைக்குப் போவதென்றால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள். தொய்வு அடங்கியிருக்கும் காலத்தில் மட்டும் போங்கள். தடிமன், காய்ச்சல், இரத்தச் சளி இருந்தால் இல்லை. தடுப்பு மருந்தின் அளவு மாறக் கூடாது, மாறினால் எது உதவியது என்று தெரியாது. நீலப் பம்ப் சட்டைப் பையில் இருக்கட்டும். உள்ளே போக முன் ஊதி எழுதவும். வெளியே வந்து 15 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் ஊதவும். 380 ஆக இருந்தது 320க்குக் கீழே இறங்கினால், அதாவது 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த அறை உங்களுக்கில்லை. இருமல் கூடுவதை "சளி கழருது" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

உங்கள் உச்ச எண் (சுகமான காலத்தில் ஊதிய கூடிய எண்) 400 என்றால் 320க்கு மேல் பச்சை, 200 முதல் 320 வரை மஞ்சள், 200க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்பேசரில் நீலப் பம்ப்பை ஒவ்வொன்றாக, அரை நிமிட இடைவெளியில், 10 அடி வரை எடுக்கவும். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லையா, உதடு நீலமாகிறதா? 10 அடி முடியும்வரை காத்திராமல் இலங்கையின் அம்புலன்ஸ் எண் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை பம்ப்பை நிறுத்தாதீர்கள்.