கொறங்காடு இருந்தால்தான் காங்கேயம் மாடு

2017 சனவரி சல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் காங்கேயம் காளை பனியனில்கூட ஏறிவிட்டது. எங்கள் ஊர் மாட்டுக்கு இவ்வளவு பேர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த மாடு எங்கே மேய்கிறது என்று கேட்கிறவர்கள்தான் குறைவு. அது மேய்கிற இடத்துக்குப் பெயர் கொறங்காடு. காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் வந்தால் பார்க்கலாம்.

பல ஊர்களில் மேய்ச்சல் நிலம் என்றால் புறம்போக்கு. எங்களுடையது பட்டா நிலம். வருசத்துக்கு 600 மி.மீ. மழை பெய்தாலே பெரிது, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். வருசம் தவறாமல் வெள்ளாமை வைத்தால் இந்த மண் தாங்காது என்று கண்டுதான் பெரியவர்கள் புல்லுக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்தப் புல் கொழுக்கட்டைப் புல். வெயிலில் சருகாகக் காய்ந்து கிடக்கும், தூர் மட்டும் சாகாது. ஒரு மழை விழுந்தால் போதும், சில நாளில் பச்சை கட்டிவிடும். காய்ந்து நின்றாலும் மாடு கடிக்கும், அறுத்துப் போர் போட வேண்டியதில்லை. இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். அவற்றின் காயை ஆடும் மாடும் தின்று சாணியிலும் புழுக்கையிலும் விதையைப் போட்டுவிட்டுப் போகும், நாம் நட வேண்டிய வேலையே இல்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளையை வெட்டி நட்டால் தழைத்துக்கொள்ளும். வேலி கெட்டியாக இருந்தால் மேய்ப்பதற்கென்று ஆள் நிற்க வேண்டாம், காலையில் கடவைத் திறந்துவிட்டுத் தண்ணி காட்டினால் போதும்.

நிலத்தை நாங்கள் காடு என்போம். ஒரு காட்டில் புல் தேய்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். இதில் பேராசை கூடாது என்பது என் அப்புச்சி சொல்லிக்கொடுத்தது. மாட்டை மேய்த்த பிறகு செம்மறியை விடுவோம், அது அடிப்புல்லைக் கடிக்கும். அப்புறம் காட்டை ஆறப்போட்டுவிடுவோம். சில வருசத்துக்கு ஒருமுறை உழுது கொள்ளோ சோளமோ போட்டால் புல் மறுபடி புதுசாகக் கிளம்பும்.

காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். அதுவும் கன்றை ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும். கலப்பு மாடு பத்து லிட்டருக்கு மேல் கறக்கிறதே என்பார்கள். கறக்கும், ஆனால் அதற்குத் தீவனமும் தண்ணீரும் விலைக்கு வாங்க வேண்டும். எங்கள் மாடு வெயிலில் மேய்ந்து, வெறும் புல்லில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். இதே மாட்டை ஆசைக்கு வாங்கிக் கொட்டகையில் கட்டி, மூட்டைத் தீவனம் போட்டு வளர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாட்டு மாட்டுப் பால் என்பதற்கு ஏ2 என்று எழுதி மூன்று மடங்கு விலை வைப்பதும் பிடிக்கவில்லை. மேய்ந்த மாட்டுப் பால் என்று சொன்னாலே இங்கே வாங்குகிறார்கள்.

நாங்கள் பாலையும் மோரையும் காங்கேயத்துக்குள்ளேயே கொடுக்கிறோம். நெய் கொஞ்சம்தான் தேறும். சூடான அரிசியும்பருப்பு சாதத்தில் அந்த நெய்யை விட்டுச் சாப்பிட்டவர்கள் வேறு நெய் கேட்பதில்லை. கிடாக்கள் உள்ளூர்க் கறிக்கடைக்குப் போய்விடும். கோடையில் புல் குறைந்தால் நெய்யும் குறையும். அப்போது வருகிறவர்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன், வெளியில் வாங்கிக் கலந்து கொடுப்பதில்லை.

"ஏனம்மணி, இந்தக் காட்டுல என்ன வருது? சோலாருக்கு வாடகைக்கு விட்டா சும்மா இருந்தே சாப்பிடலாமல்ல?" என்று மாமா ஒருவர் கேட்டார். கணக்கு அவர் பக்கம்தான். "அப்புறம் மாடு எங்கீங் மாமா மேயும்?" என்றேன். பக்கத்தில் காற்றாலைக்கும் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் போன காடுகளில் இன்று கொழுக்கட்டைப் புல் இல்லை, அந்தக் காட்டுக்காரர்களுடைய மாடுகளும் இல்லை. பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தைக்கு நல்ல சாம்பல்வெள்ளை நிற மயிலைப் பசுக்கள் வரும்போதெல்லாம், வாங்குகிறவருக்குக் காடு இருக்கிறதா என்று விசாரிக்கத் தோன்றுகிறது.

நெய்யைக் கூரியரில் அனுப்பச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அனுப்புவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள். சிவகங்கைப் பக்கம் இருந்தால் கிடை போட்டுப் புலிக்குளம் மாடு வைத்திருப்பவர்களைப் பாருங்கள். நாகை, திருவாரூரில் உம்பளச்சேரி இருக்கிறது, ஈரோட்டு மலையில் பர்கூர் இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போகிற மாடா என்று கேட்டுவிட்டு அவர்களிடமே வாங்குங்கள்.