எல்லைச் சாலையில் களவு போன தார் ஜீப்: புகாரிலிருந்து காப்பீட்டுத் தொகை வரை

களவு போன எங்கள் மகிந்திரா தார் ஜீப்புக்கான காப்பீட்டுத் தொகை சென்ற வாரம்தான் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பணம் வந்துவிட்ட நிம்மதியைவிட, அதை வாங்குவதற்குள் பட்ட பாடுதான் இன்னும் மனத்தை அறுக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அன்றாடம் வண்டி ஓட்டுகிற எவருக்கும் இந்த நிலை வரலாம் என்பதால், சூடு ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

வண்டி 2022-இல் வாங்கியது. டீசல், ஃபோர் வீல் டிரைவ். கடலோர மணற்பாங்கில் இருக்கும் எங்கள் சவுக்குத் தோப்புக்குள் சாதாரணக் கார் இறங்கினால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது, எங்கள் தெருவின் முதியவர்களை மேட்டுப் பகுதிக்குக் கொண்டுசேர்த்தது அந்த வண்டிதான். அது இல்லாமல் தோப்பு வேலை பாதி நின்றுபோயிற்று.

உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக, இரு மாநில எல்லையை ஒட்டிய ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். முள்ளோடை வழியாகப் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பகுதியின் நில அமைப்பு தெரியும். புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதை அங்கேயே பிறந்தவர்கள்தாம் சொல்ல முடியும். மண்டபம் புதுச்சேரிப் பக்கம் இருந்தது; வண்டிகளை நிறுத்தச் சொன்ன காலிமனை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. இரவு உணவு முடித்து வந்து பார்த்தபோது மனையில் டயர்த் தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. கண்ணாடித் துண்டு ஒன்றுகூடக் கிடக்கவில்லை. உடைக்காமலே திறந்து, இன்ஜினையும் கிளப்பி ஓட்டிச் சென்றிருக்கிறார்கள்.

உடனே 112-க்கு அழைத்தேன். நின்ற இடத்திலிருந்தே காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்கும் தகவல் சொல்லி, அந்தத் தகவலுக்கான பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு அழைப்புகளும் பிற்பாடு என்னைக் காப்பாற்றின. ஃபாஸ்டேகை முடக்கியது, மொரட்டாண்டி சுங்கச்சாவடி வழியாக வண்டி போனதா என்று விசாரிக்கச் சொன்னது எல்லாம் அன்றிரவே நடந்தன. அவற்றில் பலன் ஏதும் கிடைக்கவில்லை.

பாடு தொடங்கியது காவல் நிலையத்தில்தான். முதலில் போன நிலையத்தில், மண்டபம் தங்கள் எல்லைக்குள் வந்தாலும் மனை வராது என்றார்கள். அடுத்த மாநிலத்து நிலையத்துக்குப் போனால், அங்கிருந்த ரைட்டர், “சார், நீங்க வந்தது பாண்டி மண்டபத்துக்கு. கேஸ் அவங்கதான் போடணும். வேணும்னா ஒரு சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், அது போதும்” என்றார். அது போதாது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே; வாகனத் திருட்டுக் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் இடைப்பட்ட ஒவ்வொரு நாளும் தாமதமாக எண்ணப்பட்டு, நம் தலையிலேயே வந்து விழும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்று சொல்கிறது. பலரும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அழைப்பது இதைத்தான். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால், அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இவை அனைத்தையும் நான் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். “சட்டமெல்லாம் சரி சார், இடம் எங்களுது இல்லையே” என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது.

வழி திறந்தவர் என் மைத்துனர். விடிந்ததும் அவர் அந்த மனையின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துச் சர்வே எண்ணைக் கேட்டார். தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டதும் அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் விவரம் வந்தது. மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் அச்சிட்ட ஒரே தாளில் இருந்தன. மனை தமிழ்நாட்டில் இருப்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆய்வாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, திருட்டுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவில் வழக்குப் பதியச் சொன்னார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆறுதலை இன்றும் மறக்கவில்லை. எல்லையோர ஊர்களில் வண்டி நிறுத்துகிறவர்கள், அசம்பாவிதம் நேர்ந்தால் காவல் நிலையத்துக்குக் கிளம்பும்போதே இடத்தின் சர்வே எண்ணையும் கேட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். கேட்டு வாங்கிய கையோடு ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்க வேண்டும். என் அறிக்கையில், வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணின் நடுவே பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஓ விழுந்திருந்தது. மகிந்திரா வண்டிகளின் எண் எம்ஏ1 என்று தொடங்கி மொத்தம் 17 இடங்கள் கொண்டது; ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அந்த எண் முறையில் வரவே வராது. ஆகவே ஓ இருந்தாலே பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நிலையத்தில் அன்றே சுட்டிக்காட்டினேன். “பூஜ்ஜியமும் ஓவும் பார்க்க ஒண்ணுதானே சார்” என்று அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கு அவை ஒன்றல்ல. கோப்பு திரும்பி வந்தது. பதிந்த அறிக்கையை அடித்துத் திருத்த முடியாது என்பதால், என்னிடம் கூடுதல் வாக்குமூலம் பெற்று, சரியான எண்ணைக் குறிப்பிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி, அதன் நகலை எனக்குக் கொடுத்தார்கள். ஒரே ஓர் எழுத்துக்காக அலைந்த அலைச்சல் அது.

போக்குவரத்து அலுவலகத்தில் திருட்டைத் தெரிவித்து, அந்தப் பதிவெண்ணில் பெயர் மாற்றம் எதுவும் நடக்காதபடி முடக்கும் வேலை சிக்கலின்றி முடிந்தது. பெயர் மாற்றத்துக்குத் தேவைப்படும் 28, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து, இரண்டு அசல் சாவிகள், உரிமை மாற்றக் கடிதம் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்டது. கடன் நிலுவையில் இருந்தால் கடன் குறிப்பை நீக்குவதற்கான வங்கியின் 35-ஆம் எண் படிவமும் ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். சாவிகளை ஒப்படைக்கும்போது, அவற்றின் எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகை பெற்றேன். மறுசாவி எங்கே என்ற கேள்விதான் திருட்டுக் கோரிக்கைகளில் பெரும்பாலானோரை மடக்குகிறது.

நிறுவனம் அனுப்பிய புலனாய்வாளர், திருட்டுக்கும் வழக்குப் பதிவுக்கும் இடையே ஏன் இடைவெளி என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். 112 அழைப்பின் நேரம், நிறுவனமே கொடுத்த பதிவு எண், அ-பதிவேட்டின் நகல் மூன்றையும் இணைத்துக் கொடுத்ததும் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. இதற்குத் தொடர்பான இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தகவல் சொன்னார் என்பதை மட்டும் காட்டித் திருட்டுக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைசித் தடை, வாகனம் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற சான்று. இதற்காக ஒரு சேவை மையத்தில் விசாரித்தபோது, இணையத்தில் ஆவணம் தொலைந்த அறிக்கை ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணமும் கேட்டார்கள். அது பதிவுச் சான்று, மதிப்பெண் சான்று போன்றவை தொலைந்தால் உதவுவது. திருட்டு வழக்குக்குச் சற்றும் பயன்படாது. வழக்குப் பதிந்த நிலையம்தான் இறுதி அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து சான்று தர வேண்டும். “பார்க்கலாம், வாங்க” என்றே காலம் ஓடியது. விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற, அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிய பிறகே கோப்பு நகர்ந்தது. வாய்ச்சொல்லாகக் கேட்டவை எல்லாம் காற்றோடு போயின. ஒப்புகை அட்டையோடு போன கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. நிறுவனத்தின் தரப்பில் இழுத்தடிப்பு நீடித்தால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடும் வழி தமிழ்நாட்டினருக்கும் புதுச்சேரியினருக்கும் உண்டு. நான் அந்தப் படி ஏறவேண்டிய தேவை வரவில்லை.

வந்த தொகையைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். வண்டி களவு போனால் கிடைக்கும் தொகைக்கு அடிப்படையான ஐ.டி.வி. என்பது ஷோரூம் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்த மதிப்பு. இரண்டாண்டு கடந்து மூன்றாண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழியும். சாலை வரி அதில் சேராது. தமிழ்நாட்டில் இப்போது 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு 2.70 லட்சம் ரூபாய் வரியாகவே போகிறது. வண்டி களவு போனால் சாதாரண பாலிசியில் அந்தப் பணம் திரும்பாது. தேய்மானம் கழிக்காமல் வாங்கிய விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைப் புது வண்டிக்கு எடுத்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் சாலை வரி சேருமா என்பதைப் பாலிசி வாசகத்தில் படித்துப் பார்க்க வேண்டும். வின்ச் என்ற இழுவைக் கருவி, கூடுதல் விளக்குகள் போன்றவற்றை முன்கூட்டியே பாலிசியில் எழுதிவைத்து அவற்றுக்குத் தனிப் பிரீமியம் கட்டியிருந்ததால், ரசீதைக் காட்டியதும் அவற்றுக்கும் தேய்மானம் போக மதிப்புக் கிடைத்தது.

இனி மாற்று வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியதில், நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1.5 லிட்டர் டீசல் தாருக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. எங்கள் மணலுக்கு உதவாது. 2.2 லிட்டர் ஃபோர் வீல் டிரைவுக்கு 40 சதவீதம். தாரின் ஐந்து கதவு வகையான ராக்ஸில் குடும்பத்துக்கு இடம் தாராளம். டீசலில் மட்டுமே ஃபோர் வீல் டிரைவ் வருகிறது. தோப்பின் வரிசைகளுக்குள் திருப்புவதற்கு நீளம் அதிகம். மாருதியின் ஜிம்னி எடை குறைந்தது, மணலில் மிதந்து போகும்; டீசல் இல்லாததுதான் குறை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது, 700 மில்லிமீட்டர் நீரில் இறங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஃபெஞ்சலைப் பார்த்த கண்ணுக்கு அந்த எண் பெரிதாகத்தான் தெரிகிறது. என் மனம் கூர்க்கா பக்கமே சாய்கிறது, வீட்டில் தார்தான் வேண்டும் என்கிறார்கள்.

இதற்கிடையே ஒரு தரகர், “அண்ணே, பாண்டி நம்பர் போட்டுடலாம், வரி மிச்சம். வாடகை ஒப்பந்தம் நான் ரெடி பண்றேன்” என்றார். வண்டி வழக்கமாக நிற்கும், உரிமையாளரின் வசிப்பிடமோ தொழிலிடமோ இருக்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. பொய் முகவரியில் பதிந்த வண்டி களவு போனால் புலனாய்வாளர் முதலில் தட்டுவது அந்த முகவரியின் கதவைத்தான். மறுத்துவிட்டேன்.

எந்த வண்டியாக இருந்தாலும், தனி பேட்டரியில் இயங்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைக் கண்ணில் படாத இடத்தில் பொருத்தவும், ஸ்டீயரிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடவும் முடிவு செய்துவிட்டேன். கூர்க்காவைத் தோப்பு மணலில் ஓட்டிக் காட்டுவதற்கு விற்பனையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; அதைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுவேன்.