பால்மரத்தடிக் களைகள்

கோலாலம்பூரில் இருந்துகொண்டு வெப்பமண்டலக் காட்டை ஆராய வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரத்தின் நடுவிலேயே, கேஎல் கோபுரத்தின் அடியில், 1906-இல் ஒதுக்கப்பட்ட புக்கிட் நானாஸ் காடு இருக்கிறது. வடமேற்கே கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு. தாமான் துன் பக்கம் போனால் புக்கிட் கியாரா. அது பழைய ரப்பர்த் தோட்டம், நம்மவர்கள் லயத்தில் வாழ்ந்து பால்மரம் சீவிய இடம். முதலாவது இயற்கைக் காட்டின் மிச்சம். இரண்டாவது மனிதர்கள் கன்று கன்றாக நட்டு வளர்த்தது. மூன்றாவதில் சீவுவாரில்லாத பால்மரங்களுக்கு நடுவே காட்டுச் செடிகள் தாமாகவே ஏறி வந்திருக்கின்றன. இந்த மூன்று வகை நிலங்களிலும், இவற்றோடு காஜாங் பக்கம் ஒரு சிறுதோட்டக்காரரின் பால்மர நிலத்திலும் இலை பறித்துப் பார்ப்பதுதான் என் வேலை. தேடுவது இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்களை.

வெண்டையும் கத்தரியும் போட்டவர்களுக்குச் செம்பேனைத் தெரிந்திருக்கும். இலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, மேற்புறத்தை வெளிறிய புள்ளிகளாக்கிவிடும். அந்தச் செம்பேனையும் அதைப் போன்றவற்றையும் பிடித்துத் தின்னும் பேன்கள் அதே இலையில், அதே அடிப்புறத்தில் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான குடும்பம் பைட்டோசெயிடே. உலகம் முழுவதும் 2,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த பேனே பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த புதிதில் மட்டும் ஆறு. கண் கிடையாது. முன்னங்கால்களை நீட்டித் தடவிக்கொண்டே ஓடும். செம்பேன் உறிஞ்சிய செடி ஒருவித வாசனையை வெளிவிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு இவை இரையிடம் வந்து சேர்கின்றன. 1980-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதனைகள் வழியாக இதைக் காட்டினார்கள். அடிபட்ட இலை கூப்பிடுகிறது, கண்ணில்லாத ஒன்று அதைக் கேட்டு வருகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

களவேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையிலேயே போய்விட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். காட்டுத்துறை அனுமதிக் கடிதம் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் இளம் இலை, முற்றிய இலை என்று பிரித்துக் கிள்ளி, காகிதப் பையில் போட்டு, அதை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் குளிர்பெட்டியில் அடுக்க வேண்டும். குளிரில் பேன்கள் ஓடாமல் அடங்கியிருக்கும். அட்டை கடிக்கும், கொசு கடிக்கும். அதெல்லாம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்தில்தான் நேரம் நிற்கும். இலையை உருப்பெருக்கியின் கீழ் கவிழ்த்துப் போட்டு, நடுநரம்பில் தொடங்கி ஒவ்வொரு கிளைநரம்பாகப் போக வேண்டும். நரம்பு பிரியும் மூலைகளில்தான் அதிகம் இருக்கும். பல மரங்களின் இலைகளில் அந்த மூலையிலேயே சிறு குழியோ மயிர்க்கொத்தோ இருப்பதுண்டு. காப்பி இலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது காப்பி இலையைத்தான். 1887-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலர் லுண்ட்ஸ்ட்ரோம் இந்தக் குழிகளைப் பற்றி விரிவாக எழுதி, இவை பேன்கள் தங்கும் அறைகள் என்றார். மரம் தன் இலையில் அறை கட்டிக் கொடுக்கிறது, குடியிருக்கும் பேன் இலைமேல் வரும் பூஞ்சையையும் சாறுறிஞ்சிகளையும் தின்று தீர்க்கிறது. குழிக்குள் ஊசிமுனையை மெதுவாக விட்டதும் பளபளவென்று பேரிக்காய் வடிவில் ஒன்று வெளியே ஓடினால், அன்றைய நாள் வீண்போகவில்லை என்று தோன்றும்.

கெப்போங் காட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு முன் அது காடே இல்லை. ஈய லம்பம் தோண்டிப் பாழான மண்ணும் காய்கறி போட்டுக் கைவிட்ட நிலமுமாகக் கிடந்தது. 1920-களில் தொடங்கி அங்கே மரம் நட்டார்கள். இன்று உள்ளே போகிறவர்களிடம் இது நட்ட காடு என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள். காப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் வானம் ஆற்றுக்கிளைகளைப் போலத் தெரியும்படி நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் காட்டில் எடுத்ததுதான். 2025-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. பாழான நிலம் மீளும் என்பதற்குத் தலைநகரத்தின் வாசலிலேயே சாட்சி இருக்கிறது.

என் வேலைக்கு அந்தக் காடு வேறொன்றையும் கற்றுக்கொடுத்தது. நட்ட மரங்களின் அடியில் சின்னஞ்சிறு மரக்கன்றுகள், இஞ்சி இனச் செடிகள், கொடிகள், பெரணிகள் என்று அடுக்கடுக்காக வளர யாரோ விட்டிருக்கிறார்கள். எங்கள் பைகளில் வகை வகையான பேன்களைத் தந்தது பெரும்பாலும் அந்த அடியடுக்குதான். காரணம் விளங்காத ஒன்றல்ல. 1997-இல் மெக்மர்ட்ரி, கிராஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தை உணவுப் பழக்கத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். செம்பேனை மட்டுமே நம்பி வாழ்பவை சில இனங்கள்தான். மிகப் பலவும் கிடைத்ததைத் தின்பவை: சிறுபேன், இலைப்பேன் குஞ்சு, மகரந்தம், பூஞ்சை வித்து. பூச்சி இல்லாத மாதத்தில் மகரந்தத்தைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பூக்கும் செடி வேண்டும், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடித்து வைக்க மயிரடர்ந்த இலை வேண்டும். ஒரே மரத்தை வரிசையாக நட்டு அடியைச் சுரண்டி வைத்தால் இவை பசித்த காலத்தில் போக இடமில்லை.

இங்கேதான் பால்மரம் வருகிறது.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் போய், மரத்தடியில் முளைத்திருக்கும் எல்லாவற்றையும் கருக்கிவிடுவதுதான் அந்தக் கும்பலின் வேலை. பெரும்பாலும் பெண்கள். அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அந்த வேலை செய்த பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வடிந்ததும், நகம் நிறம் மாறி விழுந்ததும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அரசாங்கம் 2002-இல் அந்த மருந்தைத் தடை செய்ய முடிவெடுத்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடையைக் கொண்டுவந்தது. இடையில் போன வருடங்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வருடங்களில் பம்பு தூக்கியவர்களின் உடம்பு அதற்கு விலை கொடுத்தது.

நான் சிறுதோட்டத்தில் பறித்த இலைகளின் பட்டியலை வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். செண்டுடுக், தொட்டாற்சுருங்கி, ரும்புட் தாஹி ஆயாம் என்று ஒவ்வொன்றையும் அடையாளம் சொன்னார். எது எந்த மாதம் பூக்கும், எது மருந்துக்குச் சாகும், எது சாகாமல் திரும்ப முளைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு சொன்னார்: "நிரையில ஒரு புல்லு நின்னாலும் கங்காணி கத்துவாருடி. இதுக்குள்ள மரத்துக்கு நல்லது செய்யுற உசுரு இருக்குன்னு அப்போ யாரும் சொல்லல." சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சுத்தமான தரைதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று மேலிருந்து கீழ்வரை நம்பினார்கள். இளமரங்களுக்கு இடையே பியூராரியா, கலோபோகோனியம் போன்ற கொடிப்பயறுகளை விதைத்த தோட்டங்கள்கூட, அது மண்ணுக்காக என்றுதான் செய்தன.

அம்மா பெயர் சொன்ன அந்தத் தாஹி ஆயாம் புல்லுக்கு ஒரு கதை உண்டு. சீனாவின் குவாங்டோங் மாநிலத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் செம்பேன் தொல்லை கடுமையாக இருந்தது. அங்கே மரத்தடியில் இந்தச் செடியை வெட்டாமல் வளரவிட்டுப் பார்த்தார்கள். அதன் மகரந்தத்தில் ஓர் இரைவிழுங்கி பெருகி, மரத்துக்கு ஏறிச் செம்பேனை அடக்கி வைத்தது. அந்த இரைவிழுங்கியின் பெயர் அம்பிளிசெயஸ் நியூசாமி. 1953-இல் அதை முதன்முதலாக விவரித்தது மலாயாவிலிருந்து போன மாதிரிகளை வைத்துத்தான். நம் மண்ணில் பெயர் பெற்ற உயிரை, நாம் மருந்தடித்துக் கருக்கிய செடியை வைத்தே இன்னொரு நாட்டு விவசாயிகள் வளர்த்துப் பயன் கண்டிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்படிப் பட்டியல் எடுப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்லும் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே நம் பாட்டன் பாட்டிகளின் உயிரைக் காத்த கிழங்கு அது. ஆப்பிரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் சோறு. 1970-களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து பச்சைப்பேன் ஒன்று உகாண்டாவுக்குள் நுழைந்து, கண்டம் முழுக்க மரவள்ளி வயல்களில் பரவியது. அதற்கு மாற்று எங்கே கிடைத்தது? தென்னமெரிக்காவில் ஆய்வாளர்கள் மரவள்ளிச் செடிகளில் இரைவிழுங்கிகளைத் தேடிப் பட்டியல் எடுத்திருந்தார்கள். அவற்றில் பிரேசிலில் கிடைத்த டிஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்ற இனத்தை 1993-இல் பெனின் நாட்டில் விட்டார்கள். பகலில் செடியின் நுனிக்குருத்துக்குள் ஒளிந்திருந்து, இரவில் இலைகளுக்கு இறங்கி வேட்டையாடும் பேன் அது. வயலில் நிலைத்து, பல நாடுகளுக்குப் பரவி, பச்சைப்பேனைக் குறைத்தது. விவசாயி ஒரு காசு செலவழிக்கவில்லை, ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. யாரோ பொறுமையாக இலையைக் கவிழ்த்துப் பார்த்திருந்ததால் அது முடிந்தது.

பால்மரத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதன் தாயகமான பிரேசிலில் 1992-இல் விவரிக்கப்பட்ட கலகாரஸ் ஹெவியே என்ற பேன், ரப்பர்த் தோட்டங்களில் இலையைக் கொட்டச் செய்கிறது. அங்கே சாவ் பாவ்லோ பகுதி ஆய்வாளர்கள் தோட்டத்தையும் அதை ஒட்டிய இயற்கைக் காட்டுத் துண்டுகளையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். காட்டுச் செடிகளில் வாழும் இரைவிழுங்கிகளில் பல, பால்மரத்திலும் இருந்தன. தோட்டத்தின் காவலுக்கு வேண்டியது பக்கத்துக் காட்டிலும் மரத்தடிச் செடியிலும் சேமிப்பில் இருக்கிறது. அந்தச் சேமிப்பில் என்னென்ன இருக்கிறது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளாமல், நோய் வந்தபிறகு தேடினால் காடும் இருக்காது, நேரமும் இருக்காது.

வேலையில் கடினமானது அடையாளம் காண்பது. பேனைத் தெளியவைத்து, ஹோயர் கரைசலில் கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்து, சூடான பெட்டியில் நாள்கணக்கில் காயவிட்ட பிறகுதான் பெரிய நுண்ணோக்கியில் பார்க்க முடியும். முதுகுத் தகட்டில் உள்ள ரோமங்கள் ஒவ்வொன்றுக்கும் இடமும் பெயரும் உண்டு. ஒவ்வொன்றின் நீளத்தையும் அளக்க வேண்டும். பெண்ணின் வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் சிறு பையின் வடிவம் பல இனங்களில் தீர்ப்புச் சொல்லும். பெண் கிடைக்காமல் குஞ்சுகள் மட்டும் கிடைத்த இலைகளில் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு நிறுத்த வேண்டியதுதான். எந்த நூலோடும் பொருந்தாத சில தகடுகள் தனிப்பெட்டியில் இருக்கின்றன. அவற்றை அவசரப்பட்டுப் புதிய இனம் என்று சொல்ல எங்கள் தலைமை ஆய்வாளர் விடமாட்டார். அது சரி என்றே நானும் நினைக்கிறேன். வேறு நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் மூல மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும்.

காஜாங் சிறுதோட்டக்கார ஐயாவிடம் பேசியது மட்டும் பாக்கி. பால்மரத்தடிச் செடிகளை வெட்டாமல் விடச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் நடக்க வைத்தார். "எல்லா நிரையையும் விட முடியாதும்மா. விடியக்காலையில தலையில லைட்டக் கட்டிக்கிட்டு மரம் சீவுறேன். கால் வைக்கிற இடத்துல பாம்பு கெடந்தா தெரியணும்." நாகப்பாம்பு கிடந்த ஒரு மரத்தையும் காட்டினார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு நிரை விட்டு ஒரு நிரை என்று ஒத்துக்கொண்டோம். மரத்துக்குப் போகும் பாதையையும் சீவும் பக்கத்தையும் அவர் கையால் வெட்டுவார், மற்ற பக்கம் முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் மட்டும் தட்டிவிடுவார், மருந்து கிடையாது. லாலான் புல்லை மட்டும் எங்கே கண்டாலும் பிடுங்கிவிடுவேன் என்றார். அதில் நானும் அவர் பக்கம்தான். லாலான் மரத்தின் வேரோடு போட்டி போடும், வெயில் காலத்தில் தீப்பிடிக்கும், வேறு செடியை வரவிடாது. இப்போது மரங்கள் இலையுதிர்த்துக்கொண்டிருக்கின்றன. புதுத் தளிர் வந்து முற்றியதும், விட்ட நிரையிலும் வெட்டிய நிரையிலும் பக்கம் பக்கமாக இலை எடுக்கப் போகிறோம். செடிகளுக்குப் பெயர் சொல்ல அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.