மணிக்கு ஓர் இடம்

எங்கள் வீட்டு மணி கறுப்பு லாப்ரடார், வயது 5. மின்னசோட்டாவுக்குக் குடிவந்த புதிதில், இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இவனுடைய துறுதுறுப்பைப் பார்த்துவிட்டு, ரிட்ரீவர் நாய்களுக்கான வேட்டைத் தேர்வுகளில் பழக்கும்படி சொன்னார். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளின்படி உள்ளூர் கிளப்புகள் நடத்தும் இத்தேர்வுகளில், விழுந்த பறவையைக் குதறாமல் எடுத்துவந்து நம் கையில் ஒப்படைக்கும் திறனை ஜூனியர், சீனியர், மாஸ்டர் என மூன்று நிலைகளில் சோதிக்கிறார்கள். ஒரு நாய் மற்றொரு நாயை வெல்ல வேண்டியதில்லை. பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் இடும் மதிப்பெண்கள் ஒட்டுமொத்தத்தில் சராசரி 7-க்குக் குறையாமலும், எந்தவொரு திறனிலும் 5-க்குக் கீழே போகாமலும் இருந்தால் தேர்ச்சிதான். வந்த நாய்கள் அத்தனையும் தேறினாலும் யாருக்கும் நட்டமில்லை. போட்டியே இல்லாத இந்தத் தேர்வின் வாசலில் எத்தனை பெரிய போட்டி நடக்கிறது என்பது, மணி மாஸ்டர் நிலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூனியரில் 4 தேர்ச்சிகளும் சீனியரில் 4 தேர்ச்சிகளும் பெற்றபோது இடத்துக்காக நான் ஒருநாளும் அலைந்ததில்லை. சீனியர் பட்டம் பெற்ற நாய்க்கு மாஸ்டர் பட்டத்துக்கு 5 தேர்ச்சிகள் வேண்டும். சென்ற ஆண்டு வசந்தத்துக்குள் மணியிடம் 3 இருந்தன. மிச்சம் இரண்டுதானே என்றிருந்தேன்.

மாஸ்டர் தேர்வு நிலத்தில் ஒன்று, நீரில் ஒன்று, இரண்டும் கலந்து ஒன்று என்று நடக்கும். மூன்று பறவைகள் வெவ்வேறு இடங்களில் விழுவதைப் பார்த்து நினைவில் வைத்து நாய் ஒவ்வொன்றாக எடுத்துவர வேண்டும். அது பார்க்காத பறவை ஒன்றுக்கு விசிலாலும் கைச்சைகையாலும் நாமே வழிகாட்ட வேண்டும். ஒரு சுற்றில் ஒரு நாய்க்கே பத்து நிமிடம் போய்விடும். இரண்டு நடுவர்கள், ஒரு குளம், சூரியன் மறையும்வரை வெளிச்சம் என்ற கணக்குக்குள் எத்தனை நாய்களைத்தான் பார்க்க முடியும்? நான் விண்ணப்பித்த கிளப் 60 என்று வரம்பு வைத்திருந்தது. எங்கள் ஊரில் ஏரிகள் வருடத்தில் பல மாதங்கள் உறைந்து கிடப்பதால் தேர்வு நடக்கும் வார இறுதிகளே சொற்பம். போதாக்குறைக்கு, மாஸ்டர் நேஷனல் என்னும் ஆண்டு நிகழ்வுக்குத் தகுதி சேர்க்கும் காலம் ஜூலை 31-இல் முடிவதால், கோடையின் முற்பகுதியில் எல்லோரும் ஒரே கதவை முட்டுகிறார்கள்.

பதிவு ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்குத் திறந்தது. நான் சாவகாசமாக உள்ளே நுழைந்து, மணியின் பதிவெண்ணை எந்தக் கோப்பில் வைத்தோம் என்று தேடி, தாய் தந்தையின் பெயர்களை எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்து முடித்தபோது மணி 7.06, 60 இடங்களும் போயிருந்தன. தட்கல் டிக்கெட்டுக்கு விரல் நடுங்க உட்கார்ந்து பழகிய கைக்கு இது நேர்ந்ததே என்பதுதான் கூடுதல் வருத்தம். தொழில்முறைப் பயிற்சியாளர்கள் பத்துப் பன்னிரண்டு நாய்களின் விவரங்களை முன்கூட்டியே சேமித்து வைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பதிந்துவிடுகிறார்கள். ஒற்றை நாய்க்காரன் என்ன செய்வது என்று ஒரு பயிற்சியாளரிடம் சற்றுக் கோபமாகவே கேட்டேன். "என் வண்டியில் இருக்கும் நாய்களும் ஒற்றை நாய்க்காரர்களுடையவைதான், அவர்களுக்கும் அலுவலகம் இருக்கிறது" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு விவரங்களையும் அட்டை எண்ணையும் முதல் நாளே சேமித்து, பத்து நிமிடம் முன்பே உள்ளே நுழைந்து காத்திருந்தும், காத்திருப்புப் பட்டியலில் ஏழாம் இடம்தான் கிடைத்தது. இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாய்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பதாலும், சில நாய்களுக்கு அடிபடுவதாலும் பட்டியல் மெல்ல நகரும். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தபோது நின்றுவிட்டது.

ஆனால் அந்தத் தேர்வில் வேலை செய்ய வருவதாகச் செயலாளருக்கு ஏற்கெனவே எழுதியிருந்தேன். சனிக்கிழமை முழுவதும் புல்லுக்குள், உருமறைப்புத் துணிக்குப் பின்னால், ராட்சத உண்டிவில் போன்ற எறிகருவியோடு உட்கார்ந்திருந்தேன். வானொலியில் நடுவரின் குரல் வந்ததும் வாத்துக் குழலை ஊதி, வெற்றுத் தோட்டாவை வெடித்து, கயிற்றை இழுக்க வேண்டும். செத்த வாத்து வளைந்து போய் விழும். நனைந்த வாத்து கனத்து முன்னாலேயே விழுந்துவிடுமாகையால், பிந்தி வரும் நாய்க்குத் தேர்வு மாறிப்போகாதபடி வாத்துகளை வேலிக் கம்பியில் உலர்த்தி மாற்றி மாற்றி எறிந்தோம். மாலையில் உள்ளங்கை கொப்பளித்து, சட்டையெல்லாம் இறகு வாடை. இந்த இருக்கையில் உட்கார ஆள் கிடைக்காததுதான் இடப் பஞ்சத்துக்குப் பாதிக் காரணம் என்பது அன்று புரிந்தது. இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிற நாங்கள் பலரும் அதுவரை ஒரு வாத்தைக்கூட எறிந்ததில்லை.

அன்று மதிய உணவின்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, விஸ்கான்சினில் ஒரு கிளப்புக்குக் கூடுதலாக இரண்டு நடுவர்கள் கிடைத்திருப்பதால் இரண்டாவது பிரிவு ஒன்றைத் திறக்கப் போகிறார்கள் என்றார். அதை அறிவித்த மாலையில் நான் தயாராக இருந்தேன். இடம் கிடைத்தது, ஓடும் வரிசையில் 41.

மூன்று மணி நேரம் வண்டியோட்டிப் போய், மறைப்புக்குப் பின்னால் மணியின் கழுத்துப்பட்டையைக் கழற்றி, நாயை அனுப்பும் கோட்டுக்கு நடந்தோம். மூன்று வாத்துகளும் விழுந்தன. நடுவர் "நாற்பத்தொன்று" என்றபின் நான் நாயின் பெயரைச் சொன்னால்தான் அவன் புறப்பட வேண்டும். குரல் கம்மிவிட்டது, "மணி" என்று காற்றுதான் வந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நான்காவது தேர்ச்சி கையில் இருக்கிறது. ஐந்தாவதற்கான பதிவு வரும் புதன்கிழமை மாலை 7 மணிக்குத் திறக்கிறது. மணியின் பதிவெண் இப்போது எனக்கு மனப்பாடம்.