கார்ன் ஸ்நேக் குட்டி: சூடு, தீனி, சுத்தம், சட்டை – 14 வாரக் குறிப்பு

விஷமில்லாத வளர்ப்புப் பாம்பான கார்ன் ஸ்நேக்கின் குட்டி இது. வந்த அன்று எடை 15 கிராம். 14 வாரம் முடிந்தபோது 21. இந்த வயதுக் குட்டி இதைவிட ஏறியிருக்க வேண்டும். இடையில் எங்கே சறுக்கியது என்பதும் கீழே இருக்கிறது. தீனியில் வந்த சிக்கலைத் துருவிப் பார்த்தால் கடைசியில் பெட்டிதான் காரணமாக இருந்தது.

பெட்டி: 40 × 28 × 15 செ.மீ. பிளாஸ்டிக் டப்பா, இருபுறமும் கொக்கி போட்ட மூடி. காற்றுத் துளைகள் 3 மி.மீ., சால்டரிங் அயர்னால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குத்தியவை. வெளியிலிருந்து குத்தினால் உருகிய பிசிறு உள்ளே நிற்கும், பாம்பு மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தலை நுழையும் சந்து இருந்தால் போதும், உடம்பு முழுக்கப் பின்னாலேயே வந்துவிடும்.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) டப்பாவுக்கு அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு. டப்பாவின் மூலைகளில் சின்னக் கட்டைகள் வைத்து 5 மி.மீ. தூக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் சூடு அடைபட்டுக் கிடக்கும். தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இல்லாமல் மேட்டைச் செருகவே கூடாது. கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், பாம்போ சூடு பட்ட பிறகும் விலகாமல் படுத்திருக்கும். சென்சாரை மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டுவது நல்லது. உள்ளே விட்டால் பாம்பு நகர்த்திவிடும், அல்லது தண்ணீர் கொட்டி நனையும். நனைந்த சென்சார் குளிர் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மேட் எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட் 34இல் நின்றபோது உள்தரை 31 காட்டியது, குளிர்ந்த பக்கம் 24. ஈரப்பதம் 45 சதவீதம்.

பாம்பு ஒளிந்துகொள்ள ஒளிவிடம் இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் உடம்பு சுருண்டால் சுவரைத் தொடும் அளவுக்கு இறுக்கமாக. ஒன்றுதான் இருந்தால் பாம்பு பத்திரத்துக்காகச் சூட்டையோ குளிர்ச்சியையோ விட்டுக்கொடுத்துவிடும்.

முதல் வாரம்: தீனி இல்லை, தொடவும் இல்லை. தரைக்கு வெள்ளை டிஷ்யூ பேப்பர் மட்டும். பார்க்க அழகில்லைதான், ஆனால் எச்சத்தின் நிறமும் மைட்டும் (பாம்பின் ரத்தம் உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி) வெள்ளையில்தான் தெரியும். மிளகுத் தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கிடந்தாலோ, பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே ஊறினாலோ மைட்டைச் சந்தேகிக்க வேண்டும். வேறு பாம்புகள் இருக்கும் வீட்டில் புதியதைக் குறைந்தது 60 நாள் தனி அறையில் வைத்து, கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும்.

7ஆம் நாள் முதல் தீனி: 2 கிராம் பிங்கி, அதாவது முடி முளைக்காத சுண்டெலிக் குட்டி. பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம் குட்டிக்குச் சரியான அளவு, 6 நாளுக்கு ஒருமுறை. உறைந்த சுண்டெலிக் குட்டியை முந்தின இரவே மூடிய பையில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, கொடுக்கும் நேரத்தில் பையோடு 40 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம். வயிற்றை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஐஸ் இருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். இளகியதை மறுபடி உறைய வைப்பதும் கூடாது. பேப்பரில் ஒற்றி ஈரம் எடுத்து, நீண்ட இடுக்கியில் பின்பக்கம் பிடித்து மூக்கு முன்னால் வரும்படி நீட்டினால் போதும்.

நாக்கு நாலைந்து தடவை வெளியே வந்தது, பிறகு ஒரே பாய்ச்சல். விழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தாடை நடப்பது தெரியும்: இடப்பக்கம் ஒரு எட்டு முன்னேறும், வலப்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் மாற்றி. எலியின் வால் உள்ளே போனதும் கழுத்து எஸ் எழுத்தாக வளைந்து இரையைக் கீழே தள்ளும். முடிந்தபின் இரண்டு பெரிய கொட்டாவி, தாடை மறுபடி இடத்தில் உட்காருவதற்கு. அதற்கு அப்புறம் 48 மணி நேரம் கை வைக்கக் கூடாது.

நான்காவது வாரம், சறுக்கல். டிஷ்யூவை எடுத்துவிட்டு ஆஸ்பென் மரச்சீவல் 4 செ.மீ. போட்டது, அதே வாரத்தில் பிங்கியை 3 கிராமுக்கு உயர்த்தியது. மூன்றாம் நாள் காலை கக்கல்: பாதி கரைந்த எலி, வாடை ஊரைக் கூட்டியது. தெர்மோஸ்டாட் அதே 34, ஆனால் சூட்டுப் பக்க ஒளிவிடம் சீவலின் மேல் இருந்தது. அங்கே அளந்தால் 25 டிகிரி. சீவல் கம்பளி மாதிரி சூட்டைத் தடுத்துவிட்டது. 25 டிகிரியில் பெரிய எலி செரிக்காது, அழுகும். சீவலை 1 செ.மீ. ஆக்கி ஒளிவிடத்தைத் தரையோடு இறக்கியதும் உள்ளே 30 வந்தது. ஒரே வாரத்தில் இரண்டை மாற்றியது தப்பு.

கக்கியபின் பசிக்குமே என்று உடனே கொடுப்பதுதான் குட்டிகளைக் கொல்கிறது. தொண்டை அமிலத்தில் புண்ணாகியிருக்கும், உடம்பின் நீரும் போயிருக்கும். 14 நாள் தண்ணீர் மட்டும். பிறகு 1.2 கிராம் பிங்கி, 10 நாள் கழித்து 1.5, அது தங்கிய பிறகே 2 கிராமும் வாரம் ஒருமுறையும். இரண்டாம் முறை கக்கினால் எச்சத்தோடு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

சுத்தம்: எச்சத்தைக் கண்ட அன்றே, சுற்றியுள்ள சீவலையும் சேர்த்து அள்ளிவிட வேண்டும். வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல இருப்பது யூரேட், பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு, அது இயல்பு. தண்ணீர் தினமும் புதிது. கிண்ணம் இரண்டு இருந்தால் வசதி, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது கழுவி முழுக்கக் காயும். உள்சுவரில் விரல் வழுக்கினால் ஏடு படிந்திருக்கிறது, தேய்க்காமல் போகாது.

4 வாரத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம். முதலில் சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வீண். பிறகு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் 25 மி.லி. எடுத்து, தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கி, தெளித்து 10 நிமிடம் விட்டு அலசினால் போதும். நோய், மைட் வந்த பெட்டிக்கு 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர். யூரேட்டை முழுக்கச் சுரண்டிய பின்னரே பிளீச், வினிகரோடும் அம்மோனியாவோடும் கலக்கவே கூடாது, வாடை போகும்வரை காய வேண்டும். தண்ணீரில் விட்டதும் பாலாக வெளுக்கும் ஃபீனைல் பாம்புக்கு விஷம். பைன், செடார் சீவலும் அப்படியே. இரண்டு ஒளிவிடத்தையும் ஒரே நாளில் கழுவாமல் ஒன்றை மறுவாரத்துக்கு விட்டால், பழகிய வாசனை இருப்பதால் பாம்பு தீனியை மறுப்பதில்லை. இந்த வேலைக்கெல்லாம் சமையலறைத் தொட்டி வேண்டாம், பாம்பு நன்றாக இருந்தாலும் சால்மொனெல்லா இருக்கலாம். கையை சோப்பு போட்டு 20 விநாடி.

9ஆவது வாரம், சட்டை. கண் நீலம் பாரித்துப் பால் படர்ந்தது, வயிறு மங்கியது. தீனி நிறுத்தம். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் வைத்ததோடு சரி. பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தால் ஆஸ்பென் பூசணம் பிடிக்கும். ஐந்தாம் நாள் கண் தெளிந்தது, அடுத்த நான்காம் நாள் சட்டை உரிந்தது. உரிந்த சட்டையின் தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் கண்களை மூடியிருந்த கடுகளவு இரண்டு கண்ணாடி மூடிகள் தெரிய வேண்டும். தெரிந்தன. வால் நுனியில் மட்டும் 6 மி.மீ. வளையம் நின்றுவிட்டது. விட்டால் ரத்தம் ஓடாமல் நுனி காய்ந்து விழும். 28 டிகிரித் தண்ணீரில், உடம்பு பாதி நனையும் ஆழத்தில், 20 நிமிடம் கூடவே இருந்து, பிறகு ஈரத் துணிக்குள் ஊர விட்டால் தானாகக் கழன்றது. கண்மேல் அந்த மூடி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தொடவே கூடாது, அடுத்த சட்டைவரை பொறுக்கலாம், அதிலும் போகாவிட்டால் மருத்துவர்தான்.

14ஆவது வாரம்: 21 கிராம், கடைசி ஆறு தீனியும் தங்கின. அடுத்து 2.5 கிராம் பிங்கி. பெட்டியில் எதையும் மாற்றாமல்.